டிரேசிக்குப் பிறகு

சுவிட்சர்லாந்தின் மலைக்கிராமம் ஒன்றில் கிறிஸ்துமஸ் கூட்டம். துரத்திவரும் ஆட்களிடமிருந்து தப்ப வழி தெரியாமல், பனிச்சறுக்குத் திடலின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறார் ஜேம்ஸ் பாண்ட். முகத்தில் அப்பட்டமான பயம். ஸ்கேட்டிங் காலணி போட்ட இரண்டு கால்கள் வழுக்கிவந்து அவர் எதிரே நிற்கின்றன. நிமிர்ந்து பார்க்கிறார். டிரேசி! அடுத்த சில நிமிடங்களில் காரை ஓட்டி அவரைக் காப்பாற்றுவதும் அவள்தான். 1969-ல் வந்த ‘ஆன் ஹெர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்’ படத்தில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் இடம் இது. பாண்டையே பயப்பட வைத்துவிட்டு, தைரியத்தை டிரேசியாக நடித்த டயானா ரிக்கின் கண்களில் வைத்திருக்கிறார் இயக்குநர் பீட்டர் ஹன்ட்.

பாண்டாக நடித்த ஜார்ஜ் லேசன்பி அப்போது நடிப்புக்கே புதியவர். ரிக்கோ, பீட்டர் புரூக்கின் ‘லியர் அரசன்’ நாடகத்தில் கார்டீலியாவாக நின்றவர். படத்தின் கனத்தை அவர் சத்தமில்லாமல் தூக்கிச் சுமப்பது பார்க்கப் பார்க்கத்தான் தெரியும். பாண்ட் காதலித்து மணந்த ஒரே பெண் டிரேசி. கல்யாணக் காரில் சுற்றிய பூக்களை எடுத்துப்போட வழியில் நிறுத்துகிறார்கள், துப்பாக்கி வெடிக்கிறது. ஒரு வார்த்தை பேச நேரமில்லாமல் போய்விடுகிறாள்.

பாண்ட் நாயகி என்ற பட்டம் பல நடிகைகளுக்குக் கடைசிவரை ஒட்டிக்கொண்ட முகவரி. ரிக் அதை வைத்துப் பிழைக்கவில்லை. 1972-ல் லண்டன் நேஷனல் தியேட்டரில் சேர்ந்து மேடைக்கே போய்விட்டார். நாடகமொன்றில் நிர்வாணமாகத் தோன்றியபோது ஒரு விமர்சகர் அவர் உடம்பைக் கேலிசெய்து எழுதினார். குமுறிக்கொண்டு உட்காரவில்லை, சக நடிகர்கள் வாங்கிய மோசமான விமர்சனங்களையெல்லாம் கேட்டு வாங்கித் தொகுத்து, 1982-ல் புத்தகமாகவே போட்டார்! என்ன நெஞ்சுரம்! பிறகு ‘மீடியா’. பெற்ற பிள்ளைகளைக் கொல்லும் அந்தக் கிரேக்க நாடகத் தாயின் வேடத்துக்கு 1994-ல் டோனி விருது கிடைத்தது.

வயது ஏற ஏற அந்தக் குரலில் ஒரு கரகரப்பு சேர்ந்தது, கூர்மை குறையவில்லை. அதன் முழு ருசியையும் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரில் ஓலென்னா பாட்டியாக வந்தபோது அனுபவித்தோம். 2017-ல் வந்த அவளுடைய கடைசிக் காட்சியைப் பாருங்கள். படை தோற்றுவிட்டது. எதிரே நிற்கும் எதிரிப் படைத்தலைவன் ஜெய்மி, மதுவில் விஷத்தை ஊற்றித் தருகிறான். வலிக்குமா என்று கேட்டுக்கொண்டு, ஒரே மடக்கில் குடித்துவிடுகிறாள். அதற்குப் பிறகுதான் பேச ஆரம்பிக்கிறாள்: அவன் பெற்ற பிள்ளையைக் கொன்றது தான்தான் என்று. குரல் உயரவில்லை, கை நடுங்கவில்லை. ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி, அது போய்த் தைக்கிறதா என்று பார்த்துவிட்டே அடுத்ததை எடுக்கிறார் ரிக். 48 வருடங்களுக்கு முன் பேசக் கொடுத்துவைக்காத டிரேசியை நினைத்துக்கொள்கிறேன்.

ஜெய்மி வாயடைத்து வெளியேறுகிறான். கிழவி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.