எவரும் மதிப்புரை எழுதாத ஏடு

காவியத்தில் ஒரு சீர் பிறழ்ந்தால் கண்டிக்கப் புலவர் நூறு பேர் எழுவர். ஆனால் நாட்டை ஆள்வோர் யார் என்று முடிவு செய்யும் நூல் ஒன்று உண்டு. அதற்கு மட்டும் மதிப்புரை எழுதுவார் இல்லை. வாக்காளர் பட்டியலே அந்நூல்! காவியப் பிழை சுவையைக் கெடுக்கும். இந்நூலின் பிழையோ உரிமையையே பறிக்கும்.

முதற் பதிப்பே அதற்குச் சான்று. 1951–52 பொதுத் தேர்தலுக்கான பட்டியலில் வடபுலப் பெண்கள் பலர் 'இன்னார் மனைவி', 'இன்னார் மகள்' என்றே எழுதப்பட்டனர். சொந்தப் பெயரை அயலாரிடம் சொல்லலாகாது என்ற வழக்கம் அவர்கள் வாயைக் கட்டியது. விளைவு? ஏறத்தாழ 28 இலட்சம் பெண்கள் நீக்கப்பட்டனர். வாக்குரிமையைச் சட்டம் தந்தது; மூடப்பழக்கம் பறித்தது!

தூத்துக்குடித் துறையில் நின்று கடலுக்கு அப்பால் நோக்குங்கள். இலங்கையில் 1931லேயே வயதுவந்தோர் வாக்குரிமை வந்தது. 1947 தேர்தலில் மலையகத் தமிழர் தம் பிரதிநிதிகளை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். 1948இல் குடியுரிமைச் சட்டம். 1949இல் தேர்தல் சட்டத் திருத்தம். தேயிலை வளர்த்த கைகள் வாக்கிழந்தன. வாளெடுக்கவில்லை, பட்டியலில் ஒரு கோடு கிழித்தனர், அவ்வளவே!

தமிழகத்தில் 2025 திசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் 97 இலட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள் இல்லை. இறந்தோர், இடம்பெயர்ந்தோர், இருமுறை பதிந்தோர் என்று காரணம் கூறினர். மெய்யாகலாம். ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் மெய்தானா? விடியுமுன் உப்பளம் செல்பவளின் கதவு பகலில் பூட்டித்தான் கிடக்கும். கடலோடியின் குடிசையில் ஆளில்லை என்றால், அவன் ஊரை விட்டே ஓடிவிட்டான் என்று பொருளா? அதை அறிய அலுவலகம் போதாது. அதே தெருவில் வாழும் இளைஞன் வேண்டும்.

தோழர்களே! முத்துச் சலாபம் 1961உடன் முடிந்தது. மூழ்கித் தேடும் துணிவும் முடிந்ததா? மேடையில் மூன்று மணி நேரம் முழங்குகிறோம். நம் தெருப் பட்டியலை முப்பது நிமிடம் படித்தோமா? வீடுவீடாகச் செல்லுங்கள். விடுபட்டவருக்குப் படிவம் 6. திருத்தத்துக்கும் இடமாற்றத்துக்கும் படிவம் 8. நீக்கக் கோரும் படிவம் 7ஐ மட்டும் நடுங்கும் கையோடு எடுங்கள். மாற்றுக் கட்சிக்காரன் பெயரை நீக்க அலைவது தொண்டன்று, திருட்டு! பொய்யென அறிந்தே உறுதிமொழி தருவோருக்கு ஓராண்டு வரை சிறை என்கிறது 1950ஆம் ஆண்டுச் சட்டம். சட்டத்துக்கு அஞ்சி அல்ல, நேர்மைக்கு அஞ்சி நடப்பவனே பகுத்தறிவாளன்.

கப்பலோட்டிய வ.உ.சி. 1936இல் மறைந்தபோது, இந்நாட்டில் எல்லோருக்கும் வாக்கு என்பது கனவு. இன்று அது சட்டம். தலைமுறைகள் ஏங்கிய உரிமையை எழுத்துப் பிழைக்குப் பலி கொடுப்பதா? ஏட்டைத் திறப்போம், எழுத்தெண்ணிப் படிப்போம்!