மூடிய ஜாடிக்குள் ஒரு குளம்

அறிவியல் வகுப்புக்காகச் செய்பவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது, மூடி போட்ட கண்ணாடி ஜாடிக் குளம்தான். அடியில் கொஞ்சம் மணல், முக்கால் பங்கு குளத்து நீர், ஒரு கொத்து வேலம்பாசி, சிறு நத்தைகள் இரண்டு. அவ்வளவே.

இளவெயில் பட்டதும் பாசித் தண்டின் முறிந்த நுனியிலிருந்து குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலேறும். ஒளிச்சேர்க்கையில் பிறக்கும் ஆக்சிஜன் அது. பாடப் புத்தகத்துச் சமன்பாடு கண்ணெதிரே நடக்கிறது! நத்தை கண்ணாடியில் ஊரும்போது லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும்: சின்ன வாய் திறக்கும், அரம் போன்ற நாக்கு பச்சைப் படலத்தைச் சுரண்டும், வாய் மூடும். போன வழியெல்லாம் கண்ணாடி தெளிந்திருக்கும்.

அந்த நத்தையின் அருமையை லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் நேரிலேயே கண்டார். தங்கமீனும் நீர்ச்செடியும் மட்டும் இருந்த அவருடைய தொட்டியில் இலைகள் அழுகி நீர் கலங்கியது. குளத்து நத்தைகளை விட்டார். அவை அழுகலைத் தின்று தீர்க்க, நீர் தெளிந்தது. 1850இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்.

உச்சிவெயில் மட்டும் ஆகாது; நீர் சூடேறினால் நத்தை செத்துவிடும். மதிப்பெண் போட்டதும் ஜாடியைக் கவிழ்த்துக் கொட்டுவதோ எனக்குப் பொறுக்காது. ஜன்னலோரம் இன்னும் சில வாரம் விட்டுவைத்தால், நத்தை இடும் வழவழப்பான முட்டைத் திரளையும் பிள்ளைகள் பார்ப்பார்களே!