ஏரி இல்லாத இடத்தில் ஒரு புள்ளி

நீர்த்தாவரங்களின் பரவல் வரைபடம் எதைப் பார்த்தாலும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வது நல்லது: இந்தப் புள்ளியை வைத்தது யார்?

ஜிபிஃப் தளத்தில் ஹெர்பேரியம் பதிவுகளை யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். என்னைப் போல வெளியாட்களுக்கு அது பெரிய கொடை, மறுக்கவில்லை. ஆனால் ஜிபிஎஸ் காலத்துக்கு முந்தைய சீட்டுகளில் பெரும்பாலும் ஊர்ப்பெயர்தான் இருக்கும். அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் பின்னால் யாரோ கணினியில் சேர்த்தது. தென்னிந்தியாவில் ராபர்ட் வைட் சேகரித்த தாவரங்களை 1866-67இல் கியூ தோட்டம் பல நாடுகளுக்கும் பிரித்து அனுப்பியது. அந்தத் தாள்களின் அச்சுச் சீட்டில் இடம் என்று இருப்பது இந்தியத் தீபகற்பம், அவ்வளவுதான். இதற்கு எங்கே புள்ளி வைப்பீங்க?

மரத்துக்குப் பத்து கிலோமீட்டர் பிசகினால் பரவாயில்லை என்று விட்டுவிடலாம். கொட்டிக்கிழங்குக்கு அப்படி முடியாது. தசமத்தில் ஒரே இலக்கம் என்றால் சுமார் 11 கிலோமீட்டர். அதற்குள் எத்தனையோ குளங்கள் வந்துவிடும். பிழைவட்டத்தை எழுத டார்வின் கோரில் தனிக் களமே இருக்கு. அதை நிரப்பாத பதிவுகள்தான் ஏராளம். கோஆர்டினேட் கிளீனர் மாதிரி நிரல்கள் பூஜ்யத்தில், தலைநகரில், ஹெர்பேரியம் வாசலிலேயே விழுந்த புள்ளிகளைப் பிடிக்கும். ஆனால் குளம் எது, கரை எது என்று அவற்றுக்குத் தெரியாது.

இதற்கு மாற்றாகச் சிலர் சொல்வது, புள்ளியைப் பக்கத்து நீர்நிலைக்கு நகர்த்திவிடலாம் என்று. இதுதான் எனக்கு ஒப்பாத இடம். 1900ஆம் ஆண்டுச் சீட்டு ஒன்றில் 'மாம்பலம் ஏரி' என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த நீண்ட ஏரி 1920களில் தூர்க்கப்பட்டு தி.நகர் ஆனது, இன்று மிச்சம் இருப்பது லேக் வியூ ரோடு என்ற பெயர்தான். இன்றைய செயற்கைக்கோள் படத்தை வைத்துப் புள்ளியை நகர்த்தினால், அது உயிரோடிருக்கும் வேறொரு ஏரியில் போய் உட்காரும். செத்த ஏரிக்கு இருந்த ஒரு சாட்சியையும் நாமே அழித்துவிடுகிறோம்.

இன்னொன்று, புள்ளி இல்லாத இடத்தில் செடி இல்லை என்று அர்த்தமில்லை. வேலம்பாசி போல நீருக்குள் வாழ்பவை வெளியே எடுத்ததும் துவண்டுவிடும். தண்ணீரில் மிதக்கவிட்டுத்தான் தாளில் ஏற்ற வேண்டும். அந்தப் பாட்டுக்குப் பயந்து விட்டுப்போனவையும் இருக்கும்.

ஆகவே வரைபடம் போடுகிறவர்கள் சீட்டின் வாசகத்தை அப்படியே வைக்கட்டும், புள்ளிக்குப் பதில் வட்டம் வரையட்டும், அந்தக் காலத்து நில அளவை வரைபடத்தோடு ஒப்பிடட்டும். வறண்ட நிலத்தில் விழுந்த புள்ளி எல்லாமே பிழை இல்லை. சிலது சரியான இடத்தில்தான் இருக்கு, தண்ணீர்தான் போய்விட்டது.