மழபாடிச் சுவரும் சரித்திர வாத்தியாரும்

நாவல் எழுதுகிறவனுக்குச் சரித்திரப் பாடத்தைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' தொடராக வெளிவந்ததே, நம்மில் பலர் சோழர்களைத் தெரிந்துகொண்டது அதில்தானே? பள்ளிக்கூடத்தில் அல்லவே! அந்த யோக்கியதை போதும்.

பாடப் புத்தகங்கள் இப்போது கொஞ்சம் மாறித்தான் இருக்கின்றன. நடுவே கட்டம் கட்டிச் 'செயல்பாடு' என்று ஒன்று கொடுக்கிறார்கள். படம் ஒட்டு, பக்கத்துக் கோயிலுக்குப் போய் வந்து எழுது. நல்ல நோக்கம்தான். ஆனால் பையன் என்ன எழுதப்போகிறான் என்பது வாத்தியாருக்கு முன்பே தெரியும், பையனுக்கும் தெரியும். கடையில் விற்கிற படத்தைக் கத்தரித்து ஒட்டினால் கைக்கு வேலை, புத்திக்கு விடுமுறை. விடையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வியை ஆராய்ச்சி என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்தின் வடகரையில் திருமழபாடி இருக்கிறது. பங்குனியில் நந்தி கல்யாணம் நடக்கும் ஊர். அங்குள்ள வைத்தியநாதர் கோயில் சாசனம் ஒரு செய்தி சொல்கிறது. முதலாம் ராஜராஜன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில் ஸ்ரீவிமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்டச் சொன்னான். பிரிக்குமுன் சுவரிலிருந்த கல்வெட்டுக்களைப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளவும் உத்தரவிட்டான். ராஜேந்திரனின் 14-ஆம் ஆண்டில், அந்தப் புத்தகத்தைப் பார்த்து மறுபடியும் கல்லில் வெட்டினார்கள்.

வகுப்பில் இதை இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிடலாம். சொல்லாமல் இருந்தால்தான் சுவாரசியம். பிள்ளைகளைச் சுவருக்கு எதிரே உட்காரவைத்து, "சுவருக்கு என்ன வயது, எழுத்துக்கு என்ன வயது?" என்று மட்டும் கேட்க வேண்டும். சாசனத்தில் இங்கிலீஷ் வருஷம் கிடையாது. ராஜராஜன் பட்டத்துக்கு வந்த 985-லிருந்து எண்ணினால் 1012-13. ராஜேந்திரனுக்கு 1012-லிருந்து எண்ணினால் 1025-26. ராஜராஜன் 1014-லேயே காலமாகிவிட்டான்! தான் காப்பாற்றச் சொன்ன எழுத்து மறுபடி கல்லேறியதை அவன் பார்க்கவில்லை. இதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கிற பையன் லேசில் மறப்பானா?

அப்புறம், சுவரைவிட மூத்த எழுத்து அந்தச் சுவரில் எப்படி ஏறியது என்று ஒருத்தி கேட்பாள். பிரதி எடுத்தவன் ஒரு வரியை விட்டிருந்தால் என்று இன்னொருவன் கேட்பான். இந்த இரண்டாவது கேள்விக்கு வாத்தியாரிடம் தயாராக விடை இராது; எனக்கு வேண்டியது அதுதான். சோழர் சாசனங்களில் விளக்கெரிக்க 96 ஆடு, அதுவும் 'சாவா மூவாப் பேராடு' என்று வரும். சாகாத ஆடு எந்த ஊரில் மேய்ந்தது என்று யோசிக்கவிட்டால், செத்ததற்கு ஈடாகக் குட்டியைச் சேர்த்து எண்ணிக்கையைக் குறையாமல் காத்தார்கள் என்பதை ஆடு வளர்க்கிற வீட்டுப் பிள்ளை முதலில் சொல்லும். நகரத்துப் பிள்ளை திண்டாடும்.

பழைய எழுத்தைச் சிறுவர்கள் படிப்பார்களா என்ற ஆட்சேபம் நிற்காது. ராமநாதபுரம் மாவட்டத்துத் திருப்புல்லாணி அரசுப் பள்ளியில் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் வைத்துப் பிள்ளைகளைக் கல்வெட்டு வாசிக்கப் பழக்கியிருக்கிறார்கள். பிற்காலச் சோழர் சரித்திரம் எழுதிய சதாசிவ பண்டாரத்தாரும் கும்பகோணத்தில் பள்ளித் தமிழாசிரியராக இருந்தவர்தாம்.

அவசரமும் இருக்கிறது. திருப்பணி என்ற பெயரில் மணலைப் பீச்சியடித்து எழுத்தை மழுங்கவைத்த கோயில்கள் தமிழ்நாட்டில் உண்டு. பிரிக்குமுன் எழுதிக்கொள் என்று சொல்ல அங்கே ராஜராஜன் இல்லை. ஒரு வகுப்பு வருஷத்துக்கு ஒரு சுவர் என்று நோட்டுப் புத்தகத்தில் பிரதி எடுக்கலாமே! அதற்கு மார்க்கு எப்படிப் போடுவது என்பார்கள். அடுத்த வருஷத்துப் பிள்ளைகள் நோட்டைச் சுவரோடு ஒப்பிட்டுத் தப்புக்களைச் சுழிக்கட்டும்.