பிரிசில்லா வைட்: பட்டியலா, கிளினிக்கா?

மகப்பேறு மருத்துவம் படித்தவர்களுக்குப் பிரிசில்லா வைட் ஓர் எழுத்து வரிசையாகத்தான் அறிமுகமாகிறார். ஏ, பி, சி, டி, எஃப், ஆர் என்று நீளும் அந்தப் பட்டியல், சர்க்கரை நோயோடு கருவுற்ற பெண்ணை எந்த வகுப்பில் சேர்ப்பது என்று சொல்கிறது. தேர்வுக்கு முந்தின இரவு மனப்பாடம் செய்து வைவாவில் ஒப்பித்தவர்கள் பலருக்கு, வைட் என்பவர் ஒரு பெண் என்பதுகூடத் தெரிந்திருக்காது. 50 ஆண்டுகள் ஒரே ஊரில் ஒரே நோயோடு மல்லுக்கட்டிய மருத்துவரை ஒரு பட்டியலைக் கொண்டு அளப்பது அநியாயம்.

அவரைப் போற்றுபவர்கள் கையில் எடுக்கும் அளவுகோல் வேறு. அவர் வேலை பார்த்த பாஸ்டன் ஜோஸ்லின் நிலையம் சொல்லும் கணக்கு அது: 1924இல் அவர் சேர்ந்தபோது சர்க்கரை நோயுள்ள தாய்மார்களின் குழந்தைகளில் 100க்கு 54 பிழைத்தன, 1974இல் ஓய்வு பெற்றபோது 90க்கு மேல் பிழைத்தன. மனதை நிறைக்கும் கணக்குதான். ஆனால் அந்த ஏற்றத்தில் வைட்டின் கை எவ்வளவு, காலத்தின் கை எவ்வளவு என்பதை அது சொல்லாது. அவர் செய்தவற்றில் எது குழந்தையைக் காப்பாற்றியது, எது சும்மா கூட வந்தது, எது கெடுதல் செய்தது என்பதையும் சொல்லாது. பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

வைட் 1900இல் பாஸ்டனில் பிறந்தவர். வீட்டுக்குப் பக்கத்திலேயே ஹார்வர்டு மருத்துவப் பள்ளி இருந்தும் பெண்களுக்கு அங்கே இடமில்லை. 1945 வரை அந்தக் கதவு திறக்கவில்லை. டஃப்ட்ஸில் படித்து 1923இல் வகுப்பில் மூன்றாவதாகத் தேறினார். அடுத்த ஆண்டே சர்க்கரை நோய் மருத்துவர் எலியட் ஜோஸ்லினிடம் சேர்ந்தார். இன்சுலின் வந்து இரண்டே வருஷம் ஆன நேரம். அதற்கு முன்பு சிறுவயதில் சர்க்கரை நோய் வந்த பெண், பிள்ளை பெறும் வயதை எட்டுவதே அபூர்வம்; எட்டிக் கருவுற்றால் தாயும் போகலாம், பிள்ளையும் போகலாம். ஜோஸ்லின் தன்னிடம் வந்த குழந்தைகளை வைட்டின் பொறுப்பில் விட்டார். இன்சுலினால் பிழைத்த அந்தச் சிறுமிகள் வளர்ந்தார்கள், கல்யாணம் செய்துகொண்டார்கள், பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து மாசமாகி அதே டாக்டரிடம் திரும்பி வந்தார்கள்.

அன்றைக்கு அவர்களுக்குப் பொதுவாகக் கிடைத்த யோசனை "வேண்டாம்" என்பதுதான். கருத்தரிக்காதே, தரித்துவிட்டால் கலைத்துவிடு. வைட் அந்தப் பதிலை ஏற்கவில்லை. சின்ன வயதிலிருந்து தான் ஊசி போட்டு வளர்த்த பெண் பிள்ளை வேண்டும் என்று வந்து நிற்கும்போது, அதை எப்படிப் பத்திரமாகச் செய்வது என்பதையே அவர் தன் வேலையாக எடுத்துக்கொண்டார். அவர் மேற்பார்வையில் 2,200க்கும் மேற்பட்ட சர்க்கரை நோய்ப் பிரசவங்கள் நடந்ததாகப் பதிவு. இந்தத் துணிச்சலை நான் மிக உயரத்தில் வைக்கிறேன். ஆனால் துணிச்சலால் ஒரு முறை சரியாகிவிடாது. முறையைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

அந்த முறை எப்படி இருந்தது? கர்ப்பிணி அடிக்கடி வர வேண்டும். மாதம் ஏற ஏற வாரந்தோறும் வர வேண்டும். எடை, ரத்த அழுத்தம், கால்வீக்கம், கண், சிறுநீர் எல்லாம் ஒவ்வொரு முறையும் பார்க்கப்படும். சர்க்கரை மருத்துவர், மகப்பேறு மருத்துவர், குழந்தை மருத்துவர், செவிலியர் எல்லோரும் ஒரே பெண்ணைச் சேர்ந்து பார்ப்பார்கள். கடைசி மாதங்களில் படுக்கையில் சேர்த்துக்கொண்டு, வயிற்றிலேயே குழந்தை இறந்துபோகும் ஆபத்தான வாரங்கள் வருவதற்குள், சுமார் 36, 37 வாரத்தில் பிரசவத்தை முடித்துவிடுவார்கள், பெரும்பாலும் சிசேரியன். பிறக்கும் குழந்தை கொழுகொழுவென்று இருந்தாலும் குறைமாதக் குழந்தையாகவே பாவித்துப் பார்த்துக்கொள்வார்கள்.

அவரிடம் இருந்த கருவிகளை நினைத்துப் பார்த்தால்தான் இதன் அருமை தெரியும். விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் மீட்டர் வீட்டுக்கு வந்தது அவர் ஓய்வு பெற்ற பிறகு. அவர் காலத்துச் சோதனை பெனடிக்ட் கரைசல்: சோதனைக் குழாயில் நீலக் கரைசலை ஊற்றி, சில சொட்டுச் சிறுநீர் விட்டுச் சூடாக்குவார்கள். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, கடைசியில் செங்கல் சிவப்பு என்று நிறம் ஏறினால் சர்க்கரையும் ஏறியிருக்கிறது. கர்ப்பத்திலோ இந்தச் சோதனையே ஏமாற்றும். கர்ப்பிணியின் சிறுநீரகம் ரத்தத்தில் சர்க்கரை அதிகம் இல்லாதபோதும் சிறுநீரில் கசியவிடும். செங்கல் சிவப்பைப் பார்த்து இன்சுலினைக் கூட்டினால் தாழ்சர்க்கரையில் பெண் மயங்கி விழலாம். இப்படி அரைக்குருட்டுத்தனமான தகவலோடு ஆயிரக்கணக்கான கர்ப்பங்களைக் கரைசேர்த்திருக்கிறார்கள் என்றால், அதற்குக் காரணம் ஆளை விடாமல் பார்த்ததுதான்.

இனி பட்டியலுக்கு வருவோம். 1949இல் வெளியிட்ட கட்டுரையில் வைட் தன் வகுப்புகளை முன்வைத்தார். உணவுக் கட்டுப்பாடே போதும் என்ற நிலை ஏ. 20 வயதிலோ அதற்குப் பிறகோ நோய் வந்து, 10 ஆண்டுகூட ஆகாதவர்கள் பி. இன்னும் சின்ன வயதில் வந்து, இன்னும் நீண்ட காலம் நோயோடு இருப்பவர்கள் சி, டி. சிறுநீரகம் கெட்டவர்கள் எஃப். கண், இதயம் பற்றிய எழுத்துகள் பிற்பாடு சேர்ந்தன. எழுத்து தள்ளிப்போகப் போக, உயிருள்ள குழந்தை கிடைக்கும் வாய்ப்பு குறையும்.

இதன் நன்மை உண்மையானது. ஓர் ஆஸ்பத்திரியில் 90 சதவீதம் பிழைக்கிறது, இன்னொன்றில் 60 என்றால், முதல் ஆஸ்பத்திரி கெட்டிக்காரத்தனமானதா, இல்லை லேசான நோயாளிகளை மட்டும் பார்த்ததா? வகுப்பு இல்லாமல் இதற்குப் பதில் கிடையாது. தாயின் ரத்தக் குழாய்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்பதை வைத்துக் கர்ப்பத்தின் போக்கைக் கணிக்கலாம் என்று அவர் கண்டதும் இன்றுவரை நிற்கிறது. சிறுநீரகம் பழுதான பெண்ணுக்குக் கர்ப்பகால ரத்தக் கொதிப்பும் குறைப்பிரசவமும் இன்றும் கூடுதலாகவே வருகின்றன.

குறை எங்கே என்றால், பட்டியலில் உள்ள எதையும் மருத்துவரால் மாற்ற முடியாது. நோய் எந்த வயதில் வந்தது, எத்தனை வருஷம் ஆனது என்பதெல்லாம் நடந்து முடிந்தவை. மாற்றக்கூடியது இந்தக் கர்ப்பத்தில் இருக்கும் சர்க்கரை அளவு. அதற்குப் பட்டியலில் இடமே இல்லை. வைட் சர்க்கரைக் கட்டுப்பாட்டை அலட்சியம் செய்தவர் அல்ல. ஜோஸ்லின் கூடத்தில் அதைவிடப் பெரிய வேதம் கிடையாது. இருந்தும் அவர் உலகுக்குக் கொடுத்த அளவுகோல், பெண்ணின் பழைய கதையைப் படித்து அவளுக்கு ஜாதகம் எழுதியது. கோபன்ஹேகனில் ஜோர்கன் பெடர்சனின் குழு 1960களில் இந்த இடைவெளியைப் பார்த்தது. சிறுநீரகத் தொற்று, கீட்டோன் நச்சு, ரத்தக் கொதிப்பு, சிகிச்சைக்கு வராமல் இருப்பது என்று இந்தக் கர்ப்பத்திலேயே நடக்கும் கெட்ட அறிகுறிகளைத் தனியாக எண்ணியது. 1972இல் சுவீடனின் கோதன்பர்க்கிலிருந்து கார்ல்சன், கெல்மர் இருவரும் வெளியிட்ட எண்கள் விஷயத்தை இன்னும் தெளிவாக்கின: தாயின் சராசரி ரத்தச் சர்க்கரை 100க்குக் கீழே இருந்தால் குழந்தை இறப்பு 3.8 சதவீதம், 100 முதல் 150 வரை என்றால் 16, அதற்கு மேல் 23.6.

வைட்டின் வாழ்க்கையில் மிகக் கடினமான பகுதி ஹார்மோன். பாஸ்டனிலேயே ஆலிவ் ஸ்மித், ஜார்ஜ் ஸ்மித் தம்பதியர், கர்ப்பம் சிக்கலாகும்போது நஞ்சுக்கொடியின் ஹார்மோன்கள் சமநிலை தப்புகின்றன என்று கண்டிருந்தார்கள். வைட் தன் நோயாளிகளிடமும் அதே மாற்றத்தைப் பார்த்தார். குறைவதை ஊசியால் நிரப்பினால் கர்ப்பம் நிலைக்கும் என்பது அவர் முடிவு. அப்படித்தான் 1938இல் செயற்கையாகத் தயாரிக்கப்பட்ட ஸ்டில்பெஸ்ட்ராலும் புரோஜெஸ்டிரோனும் அவருடைய சிகிச்சைக்குள் வந்தன. பலன் கண்டதாக எழுதினார், மற்றவர்களுக்கும் பரிந்துரைத்தார்.

தர்க்கத்தில் இரண்டு ஓட்டைகள். ஹார்மோன் குறைந்தது நஞ்சுக்கொடி கெட்டதன் விளைவாக இருக்கலாம். அதையே காரணமாக எடுத்துக்கொண்டது முதல் ஓட்டை. யாருக்கு மருந்து, யாருக்கு இல்லை என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யாதது இரண்டாவது. வாரந்தோறும் வந்து ஊசி போட்டுக்கொண்ட பெண்ணுக்கு ஊசியோடு சேர்ந்து வாராந்தரக் கவனிப்பும் கிடைத்தது. நல்லது நடந்தால் புகழ் எதற்குப் போக வேண்டும்? 1953இல் சிகாகோவில் டீக்மன் குழு 1,600க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்கு ஸ்டில்பெஸ்ட்ராலும் மற்றவர்களுக்கு வெறும் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தது, பலன் இல்லை. 1955இல் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சர்க்கரை நோயுள்ள கர்ப்பிணிகளிடமே, அதாவது வைட்டின் கேள்வியையே எடுத்து, அதே மாதிரி சோதித்தது. அங்கேயும் பலன் இல்லை. வைட் உடனே அதைக் கைவிட்டுவிடவில்லை. 1971இல் அதே பாஸ்டனிலிருந்து ஹெர்ப்ஸ்டும் சகாக்களும் எழுதினார்கள்: இளம் பெண்கள் 8 பேருக்கு அபூர்வமான பிறப்புறுப்புப் புற்றுநோய், அவர்களில் 7 பேரின் தாய்மார்கள் கர்ப்பத்தில் ஸ்டில்பெஸ்ட்ரால் எடுத்தவர்கள். அந்த ஆண்டே அமெரிக்க மருந்து நிர்வாகம் கர்ப்பிணிகளுக்கு இதைக் கொடுக்க வேண்டாம் என்று எச்சரித்தது.

இங்கே இரண்டு குற்றச்சாட்டுகளைக் கலந்துவிடக் கூடாது. மகள்களுக்கு இருபது வருஷம் கழித்துப் புற்றுநோய் வரும் என்று 1940களில் யாராலும் ஊகித்திருக்க முடியாது. லட்சக்கணக்கான கர்ப்பங்களில் எத்தனையோ மருத்துவர்கள் கொடுத்த மருந்து அது. அந்தக் குற்றத்தை வைட்டின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. ஆனால் மருந்தால் பயனில்லை என்பது 1955இலேயே தெரிந்துவிட்டது. தன் கேள்விக்கே வந்த பதிலைவிடத் தன் கிளினிக்கில் கண்ணால் பார்த்ததை அவர் கூடுதலாக நம்பினார். அந்தப் பிழை அவருடையதுதான், பெரிய பிழை. பயனில்லாத மருந்துக்கு எந்தப் பக்கவிளைவும் அதிகம்.

இதே இடத்தில்தான் அவருக்கு ஆதரவான வலுவான சாட்சியமும் கிடைக்கிறது. பெடர்சன் ஹார்மோன் எதுவும் கொடுக்காமல், தாயின் சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டும், இன்சுலின் தாண்டாது, அதனால் குழந்தையின் கணையம் தானே இன்சுலினைக் கொட்டிக் குழந்தையைக் கொழுக்க வைக்கிறது என்ற தன் 1952ஆம் ஆண்டு விளக்கத்தை வைத்துக்கொண்டு, பாஸ்டனுக்கு ஈடான பலன்களைப் பெற்றார். இரண்டு ஊர்களுக்கும் பொதுவாக இருந்தவை ஒரே குழு, அடிக்கடி வரவழைப்பது, நேரத்தோடு பிரசவம். ஹார்மோனைக் கழித்தும் மிச்சம் நிற்கிறது. பென்சிலினும் ரத்த வங்கியும் நல்ல மயக்க மருந்தும் எல்லாத் தாய்மார்களுக்குமே உதவின என்பது சரி. 54 சதவீதம் 90 ஆனதில் அவற்றின் பங்கு கணிசம். ஆனால் சர்க்கரை நோய்க் கர்ப்பங்களை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பார்த்த ஆஸ்பத்திரிகளிலும் அதே பென்சிலின் இருந்தது. பலன் இவ்வளவு வரவில்லை.

சீக்கிரப் பிரசவத்தைப் பற்றி என் தீர்ப்பு மென்மையானது. அல்ட்ராசவுண்டும் இல்லை, குழந்தையின் இதயத் துடிப்பைத் தாளில் பதியும் கருவியும் இல்லை. அடுத்த வாரம் வயிற்றில் உயிர் இருக்குமா என்று தெரியாத நிலையில் 36ஆம் வாரத்தில் எடுத்துவிடுவது நியாயமான முடிவு. அதற்கு விலையும் உண்டு. சர்க்கரை நோயுள்ள தாயின் குழந்தைக்கு நுரையீரல் முதிர்வது தாமதம் என்பதை 1976இல் பாஸ்டன் மருத்துவர்களே பெரிய ஒப்பீட்டில் காட்டினார்கள்.

ஆக, சிகிச்சையாளராகவும் சிகிச்சையை ஒழுங்கமைத்தவராகவும் வைட் முதல் வரிசை. 1960இல் பான்டிங் பதக்கம் பெற்ற முதல் பெண் என்ற கௌரவம் அவருக்குத் தகும். ஆராய்ச்சியாளராக அவரை அந்த வரிசையில் வைக்க என்னால் முடியாது. ஒப்பீடு இல்லாத அனுபவத்தை நிரூபணம் என்று எடுத்துக்கொண்டார், எதிர்ச் சான்று வந்தபோது வளைந்து கொடுக்கவில்லை. பட்டியல் இரண்டுக்கும் நடுவில்: தன் காலத்தில் பயன்பட்டது, இன்று ரத்தக் குழாய் பழுதைச் சொல்லும் எழுத்துகள் மட்டுமே பயன்படுகின்றன. பாடப்புத்தகம் அவருடைய பெயரை அவருடைய சிறந்த வேலையில் ஒட்டாமல், இரண்டாம் தரமான வேலையில் ஒட்டிவிட்டது.

அவருடைய வேலையில் விட்டுப்போனதையும் அவர் வளர்த்த இடமே கண்டுபிடித்தது. 1981இல் ஜோஸ்லின் நிலையத்திலிருந்து மில்லர் குழு எழுதியது: கர்ப்பத்தின் தொடக்கத்தில், சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 8.5க்கு மேல் இருந்த தாய்மார்களின் குழந்தைகளில் 22.4 சதவீதத்துக்குப் பெரிய பிறவிக் குறைகள். அதற்குக் கீழே இருந்தவர்களிடம் 3.4. உறுப்புகள் உருவாகும் அந்த ஆரம்ப வாரங்கள், மாதவிடாய் தள்ளிப்போய் முதல் தடவை கிளினிக்குக்கு வருவதற்குள் பாதி கடந்துவிடும். எவ்வளவு உழைத்தாலும் கருவுற்ற பிறகு தொடங்கும் உழைப்பு அங்கே பிந்திவிடுகிறது. அதற்குக் கர்ப்பத்துக்கு முன்பே அழைக்கும் கிளினிக் தேவைப்பட்டது.

நம் ஊருக்கு இதில் இன்னொரு கணக்கு உண்டு. வைட் ஏ என்று எழுதிக் கடந்துபோன இடத்தில்தான் இன்று சர்க்கரை உள்ள நம் கர்ப்பிணிகளில் பெரும்பாலானவர்கள் நிற்கிறார்கள். கர்ப்பத்தில் முதன்முறையாகச் சர்க்கரை தலைகாட்டுபவர்கள். சென்னையில் வி. சேஷையா எல்லாக் கர்ப்பிணிகளுக்கும், சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும், 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து 2 மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம் எடுக்கும் சோதனையை வலியுறுத்தினார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் செய்ய முடிகிற சோதனை. சிலரைத் தவறவிடுகிறது என்ற விமர்சனத்தையும் சென்னை ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். அந்த விவாதம் நடக்கட்டும். சோதனையில் சர்க்கரை 140ஐ எட்டிய பெண் அடுத்த வாரம் வருகிறாளா, வராவிட்டால் கிராமச் செவிலியர் அவள் வீட்டுக்குப் போகிறாரா, பிள்ளை பெற்று ஆறு வாரம் கழித்து அவளுக்கு மறு சோதனை நடக்கிறதா என்ற மூன்று கேள்விகளையும் வைட்டின் கிளினிக்கில்தான் கற்க வேண்டும். பட்டியலில் அவை எழுதப்படவில்லை.