இடிபாடுகளைக் காணும் கண்: பயண இலக்கியம் பற்றிய ஒரு குறிப்பு

தமிழ்ப் பயண இலக்கியத்தின் வளர்ச்சியை ஆராய்வோர் ஏ. கே. செட்டியாரின் 'உலகம் சுற்றும் தமிழன்' நூலை அதன் முக்கிய தொடக்கங்களுள் ஒன்றாகக் கொள்வர். அதன்பின் மேல்நாடு சென்று மீண்டோர் எழுதியவை பல. அவற்றில் இத்தாலி பற்றிய பகுதிகள் பெரும்பாலும் ஒரே வாய்பாட்டில் அமைவன. கொலோசியம், சிஸ்டைன் சிற்றாலயம், புளோரன்சின் ஓவியக்கூடம், பொம்பேயின் தெருக்கள். ஒவ்வொன்றின் முன்னும் ஒரு வியப்பு. வியப்புத் தவறன்று. ஆயின் வியப்போடு நின்றுவிடும் எழுத்து, கலையை அதனைத் தோற்றுவித்த சமுதாயத்திலிருந்து பிரித்துவிடுகிறது.

கொலோசியம் கி. பி. 80 இல் திறக்கப்பெற்றது. கி. பி. 70 இல் எருசலேமை வீழ்த்திக் கொணர்ந்த கொள்ளைப்பொருள் அதன் கட்டுமானத்துக்கு உதவியது என ஆய்வாளர் காட்டுவர். புனித பேதுரு பேராலயத்தைப் புதிதாக எழுப்பும் பணி 1506 இல் தொடங்கியது. அதற்குப் பொருள் திரட்டப் பாவமன்னிப்புச் சீட்டுக்கள் விற்கப்பட்டன. 1517 இல் லூதரின் கண்டனத்துக்கு அவ்விற்பனையே உடனடிக் காரணம். 1508 முதல் 1512 வரை சிஸ்டைன் விதானத்தைத் தீட்டிய மைக்கலாஞ்சலோவின் மேதைமை இதனாற் குன்றாது. அது எத்தகைய உலகில் நின்று இயங்கிற்று என்பதே தெளிவாகும். 2021 இல் பொம்பேயிக்கு அண்மையிலுள்ள மாளிகையொன்றில் அடிமைகள் வாழ்ந்த அறை வெளிப்பட்டது. அங்கிருந்த மூன்று கட்டில்களுள் ஒன்று சிறுபிள்ளைக்குரிய அளவினது. மாளிகைச் சுவரோவியத்தை வருணிக்கும் பேனா அக்கட்டிலின் முன்னும் நிற்க வேண்டும்.

இடிபாடு இறந்தகாலத்துக்கு மட்டும் உரியதன்று. 1932 இல் முசோலினி கொலோசியத்தை நோக்கி அகன்ற வீதியொன்றைத் திறந்தான். அதற்காகக் குடியிருப்புக்கள் தகர்க்கப்பட்டன. ஏழைகள் நகர்ப்புறத்தின் விளிம்புக்குத் தள்ளப்பட்டனர். பண்டைப் பேரரசின் கற்கள் புதிய சர்வாதிகாரத்துக்கு மேடையாயின.

நெடுங்கேணி வாசகனுக்கு இது தொலைதூரச் செய்தியன்று. இப்பகுதியிலுள்ள வெடுக்குநாறிமலையில் பழைய பிராமிக் கல்வெட்டுக்கள் உள்ளன. மக்களின் வழிபாடும் உண்டு. 2023 இல் அங்கிருந்த விக்கிரகங்கள் உடைத்தகற்றப்பட்டிருந்தன. 2024 மார்ச்சில் சிவராத்திரி வழிபாட்டின்போது எண்மர் கைதாகிப் பின்னர் விடுவிக்கப்பட்டனர். தொல்லியல் அதிகாரத்தின் கருவியாகும்போது ஆய்வுப்பொருள் தடைப்பொருளாகிறது. இதனை எதிர்ப்பது நமது கடமை. ஆயின் மன்னர் பெருமைக்கு மாற்றாக இன்னொரு மன்னர் பெருமையை நிறுத்துவது எதிர்ப்பாகாது. கல்லைக் கொத்தியவர், காட்டை வெட்டியவர், மண் சுமந்தவர் இருவர் வரலாற்றிலும் பெயரற்றவரே.

நெடுங்கேணி என்னும் பெயரே ஒரு நீர்நிலையின் நினைவு. வன்னியின் பெருஞ்சின்னங்கள் அதன் குளக்கட்டுக்கள். அவற்றை எவரும் சுற்றுலாவாகக் காண வருவதில்லை. ஆயினும் அவற்றின் நீரில் இன்றும் நெல் விளைகிறது. குளக்கட்டில் நின்று கூலியாளின் கையைக் காணக் கற்றவன் கொலோசியத்திலும் அதனைக் காண்பான். அத்தகைய பயண நூலே நமக்கு இனி வேண்டுவது.