சந்திரமதிக்குப் படித்துறை இல்லை

காசியில் கங்கையின் மேற்குக் கரையோரமாக எண்பதுக்கும் மேற்பட்ட படித்துறைகள் வரிசையாக இருக்கின்றன. தெற்கே அஸ்ஸியிலிருந்து வடக்கு நோக்கி நடந்தால், அனுமான் படித்துறையைத் தாண்டியதும் அரிச்சந்திரன் படித்துறை வருகிறது. இன்னும் சற்று நடந்தால் கேதார படித்துறை. குமரகுருபரர் 17ஆம் நூற்றாண்டில் நிறுவிய மடம் அங்கே இருக்கிறது. பாரதி தன் அத்தை குப்பம்மாள் வீட்டில் 1898 முதல் சில ஆண்டுகள் தங்கிப் படித்தது அனுமான் படித்துறைப் பக்கம். காசிக்குப் போகும் தமிழர்கள் தேடிச் செல்லும் இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே எரிந்துகொண்டிருக்கிறது, வாய்மைக்குப் பெயர்போன ஓர் அரசனின் பெயரைத் தாங்கிய சுடுகாடு.

பெண் பெயரில் படித்துறையே இல்லை என்று சொல்ல முடியாது. விசுவநாதர் கோயிலை 1780இல் எடுத்துக் கட்டிய அகல்யாபாய் ஹோல்கரின் பெயரில் ஒன்று இருக்கிறது. அவர் அரசி, கட்டுவித்தவர். கட்டியவளுக்குப் படித்துறை உண்டு, விற்கப்பட்டவளுக்கு இல்லை. அரிச்சந்திரன் எந்தக் கடனுக்காக இந்தச் சுடுகாட்டைக் காத்தானோ, அந்தக் கடனுக்கு முதல் தவணையாகப் போனவள் சந்திரமதி.

நான் அங்கே நின்றபோது மூன்று சிதைகள் எரிந்துகொண்டிருந்தன. பின்னால் விறகு மலை. பக்கத்தில் மின்தகன மேடைக் கட்டடம். ஈம வேலை செய்யும் டோம் சமூகத்து ஆண்கள், மொட்டையடித்த மகன்கள், மாமன் மச்சான்கள். இறந்தவரின் வீட்டுப் பெண் ஒருத்தியும் இல்லை. பயணி என்பதால் என்னை யாரும் தடுக்கவில்லை. அந்நியப் பெண் பார்க்கலாம், மகள்தான் பார்க்கக் கூடாது. படகோட்டி வழக்கமான கதையைச் சொன்னார்: பொய் சொல்லாத ராஜா, டோமிடம் தன்னையே விற்றுக்கொண்டார், மனைவியையும் பிள்ளையையும்கூட விற்றார். அந்த வாக்கியத்தில் அவளுக்குக் கிடைத்தது ஒரு ‘கூட’. அந்தக் கூடவைத்தான் இங்கே கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் பெயர். மார்க்கண்டேய புராணத்தில் அவள் சைவ்யை. வடநாட்டு நாடகங்களிலும் படங்களிலும் தாராமதி. தமிழில் சந்திரமதி. எந்த மொழிக்குப் போனாலும் அவன் அரிச்சந்திரன்தான். கதை அவனுடைய பெயரைப் பத்திரப்படுத்திக்கொண்டது. அவள் பெயரைப் போகிற இடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொண்டது, புகுந்த வீட்டில் மருமகளுக்குப் பெயர் மாற்றுவதுபோல.

அடுத்தது விற்பனையின் வரிசை. இதை நம் உரைகளும் பாடநூல்களும் கவனிப்பதே இல்லை. பாஞ்சாலியின் கதையில் தருமன் முதலில் தன்னை வைத்துத் தோற்கிறான், பிறகு அவளை வைக்கிறான். அந்த வரிசைப் பிசகுதான் பாஞ்சாலிக்குச் சபையில் ஒரு கேள்வியைக் கொடுத்தது: தன்னையே இழந்தவனுக்கு என்னை வைத்தாட என்ன உரிமை? பீஷ்மரையே தடுமாற வைத்த கேள்வி அது. அரிச்சந்திரன் கதை அந்தப் பிசகுக்கு இடமே தரவில்லை. அவன் முதலில் மனைவியை விற்கிறான், பிள்ளையும் அவளோடு போகிறது. தன்னைக் கடைசியாக விற்கிறான். அவளை விற்கும் நொடியில் அவன் சுதந்திர மனிதன், ஆகவே உடைமைக்காரன், ஆகவே விற்பனை செல்லும். பாஞ்சாலி கேட்ட கேள்வியைச் சந்திரமதி கேட்க முடியாதபடி கதையின் கணக்கு மிகச் சுத்தமாக எழுதப்பட்டிருக்கிறது. பாரதி பாஞ்சாலியைத் தேர்ந்ததில் எனக்கு வியப்பில்லை. பள்ளிப் பருவத்தில் அரிச்சந்திரன் படித்துறைக்கு அடுத்த துறையருகே வாழ்ந்தவர், கேள்வி கேட்க வழியுள்ள பெண்ணின் கதையைத்தான் காவியமாக்கினார்.

அவளே முன்வந்து தன்னை விற்கச் சொன்னாள் என்று ஒரு பதில் உடனே வரும். உண்மைதான். மார்க்கண்டேய புராணத்தில் அவளே சொல்கிறாள். ஆனால் அவள் சொல்லும் காரணத்தைப் பாருங்கள்: மனைவி மகனைப் பெறுவதற்காக. மகன் பிறந்துவிட்டான். இனி என்னை விற்கலாம். இதைத் தியாகம் என்று படிப்பதற்கு முன்னால், ஒரு பெண் தன்னைப் பற்றி எப்படி எண்ணக் கற்பிக்கப்பட்டிருந்தால் இப்படிப் பேசுவாள் என்று கேட்க வேண்டும். வேலை முடிந்த பாத்திரத்தை விலைக்குப் போடலாம் என்று பாத்திரத்தையே சொல்ல வைப்பதுதான் இந்தப் பிரதியின் சாமர்த்தியம். சம்மதம் இருக்கிறது. சம்மதிக்காமல் இருக்க ஒரு வழி இருந்ததா என்பதுதான் கேள்வி.

விற்பனை ஏன் காசியில் நடக்கிறது? அரிச்சந்திரன் பூமி முழுவதையும் விசுவாமித்திரருக்குத் தானம் செய்துவிட்டான். தானம் கொடுத்த மண்ணில் நிற்க முடியாது. காசியோ சிவனுடையது, மனித அரசர்களின் உடைமைக்கு உட்படாதது. ஆகவே அவன் போக்கிடம் காசி. எல்லாம் இழந்த ஆணுக்கு அது யாருடைய ஆட்சிக்கும் உட்படாத நகரம். அவன் மனைவிக்கு அதே நகரம் சந்தை. பிற்காலத்தில் வங்கத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் கைம்பெண்கள் இதே நகரத்துக்கு அனுப்பப்பட்டதை இதனோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள். நம் பிராமணத் திருமணங்களில் மாப்பிள்ளை குடையும் தடியுமாகக் காசி யாத்திரை கிளம்புவான். பெண்ணின் தகப்பன் வழிமறித்து, என் பெண்ணைத் தருகிறேன், திரும்பி வா என்பார். காசி அவனுக்கு ஒரு தேர்வு, அதுவும் விளையாட்டாக. அவளுக்கு அதே காசி, அவன் செத்த பிறகு மீந்த இடமாக இருந்தது.

தமிழ் இந்தக் கதையை வாங்கிக்கொண்டபோது மயான காண்டத்தைத்தான் வளர்த்தது. பாம்பு கடித்துச் செத்த மகன் லோகிதாசனை அவள் தனியாகத் தூக்கிக்கொண்டு சுடலைக்கு வருகிறாள். காவல்காரன் முழத்துண்டும் கால் பணமும் கேட்கிறான். இல்லை என்கிறாள். கழுத்தில் தாலி இருக்கிறதே, அதை விற்றுக் கொடு என்கிறான். கணவன் கண்ணுக்கு மட்டுமே தெரியும் தாலி அது. ஒருவரை ஒருவர் அறிந்துகொள்கிறார்கள். அறிந்த பிறகும் அவன் கூலியை விடவில்லை. எசமானிடம் போய் வாங்கி வா என்று அவளை அனுப்புகிறான். வழியில் கள்வர் கொன்று போட்ட அரச குமாரனின் உடலைத் தன் பிள்ளையோ என்று அவள் எடுக்க, கொலைப்பழி விழுகிறது. காசி மன்னன் மரண தண்டனை விதிக்கிறான். வெட்ட வேண்டியவன் அரிச்சந்திரன். ஓங்கிய வாள் மாலையாகிறது, தேவர்கள் வருகிறார்கள், நாடு திரும்பக் கிடைக்கிறது.

எந்த அரசனுக்கும் உரியதல்ல என்று சொல்லப்பட்ட நகரத்தில், ஒரு பெண்ணைத் தண்டிக்க வேண்டிய நேரத்துக்கு மட்டும் அரசன் ஒருவன் முளைத்துவிடுவதை நாம் கவனிக்க வேண்டும். வாள் மாலையானது என்று மகிழ்வதற்கு முன், வாள் ஓங்கப்பட்டது என்பதையும். அவள் குற்றமற்றவள் என்று அவனுக்குத் தெரியும். வாய்மையையே விரதமாகக் கொண்டவன், தனக்குத் தெரிந்த அந்த ஓர் உண்மைக்காகத் தன் வேலையை விடவில்லை. அவன் காத்த வாய்மை, கொடுத்த வாக்கைக் காப்பது. ஒருவருக்கு இழைக்கப்படும் அநீதியைப் பார்த்து அது அநீதி என்று சொல்லும் வாய்மை அல்ல. இந்த இரண்டும் வேறு. நம் அறநூல் வகுப்புகள் முதலாவதை மட்டுமே உண்மை என்று சொல்லித் தருகின்றன. சிறுவயதில் அரிச்சந்திர நாடகம் பார்த்த காந்தி, எல்லோரும் ஏன் அரிச்சந்திரனைப் போல் இருக்கக் கூடாது என்று ஏங்கியதைத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். அந்த ஏக்கத்தின் நேர்மையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த ‘எல்லோரும்’ என்ற சொல்லுக்குள், விற்கப்பட வேண்டிய மனைவியர் இருக்கிறார்களா?

அவளுக்கு உடலும் குரலும்கூட நெடுங்காலம் ஆண்களே கொடுத்தார்கள். பால்கே 1913இல் எடுத்த ‘ராஜா அரிச்சந்திரா’வில் தாராமதியாக நடித்தவர் அண்ணா சாளுங்கே என்ற ஆண். நடிக்கப் பெண்கள் முன்வரவில்லை. நம் தெருக்கூத்திலும் சந்திரமதி கட்டியவர்கள் ஆண்களே. முத்து குமாரசுவாமி தமிழ் அரிச்சந்திர நாடகத்தை 1863இல் ஆங்கிலத்தில் பெயர்த்தபோது, அரிச்சந்திரனை உண்மையின் தியாகி என்று தலைப்பிலேயே குறித்தார். தியாகி ஒருவன்தான்.

ஆனால் கூத்து பார்க்கும் பெண்கள் வேறு மாதிரி வாசித்தார்கள் என்றே நினைக்கிறேன். வடதமிழகத்தில் கருமாதி இரவுகளில் மயான காண்டம் ஆடுவார்கள். ஆண்கள் போகும் நிஜ மயானத்தில் அரிச்சந்திரன் கல்லாக நிற்கிறான், பாடை அவன் முன் இறங்குகிறது. பெண்கள் தெரு முனையோடு திரும்பிவிடுவார்கள். கூத்து இரவில்தான் அவர்களுக்கு மயானம் கிடைக்கிறது. அங்கே அவர்கள் அழுவது அரிச்சந்திரனின் வாய்மைக்காக அல்ல, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இருட்டில் தனியாக வருகிறவளுக்காக. அவள் புலம்பும்போது முன்வரிசைப் பெண்கள் தங்கள் வீட்டுச் சாவை எடுத்துச் சேர்த்துக்கொள்கிறார்கள். ஒப்பாரி அறிந்த அவர்களுக்குக் கதையின் மையம் எது என்று தெரிந்திருக்கிறது. கதாநாயகனை மாற்றிவிட்டார்கள், அதை யாரிடமும் அறிவிக்கவில்லை.

அந்த வாசிப்பைத்தான் நாம் வகுப்பறைக்குக் கொண்டுவர வேண்டும். வீட்டுக்காரர் கடனுக்குத் தன் பெயரில் கையெழுத்திட்டுக் குழுக்கடன் கட்டும் பெண்களின் மகள்கள் என் வகுப்பில் அமர்ந்திருக்கிறார்கள். அடகுக்கடையில் தாலி இருக்கும் வீடுகளிலிருந்து வருகிறவர்கள் அவர்கள். கடனை அடைப்பது மானம் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அதைச் சொல்லித்தான் வளர்த்திருக்கிறார்கள். யாருடைய வாக்கு, யாருடைய கடன், முதலில் விற்கப்பட்டது யார் என்று கேட்கப் பழக்குவதே இந்தக் கதையைப் பாடமாக வைப்பதற்கு ஒரே நியாயம். காசிக்குப் போனால் பிடித்த ஒன்றை விட்டுவிட்டு வர வேண்டும் என்பார்கள். பெண்கள் ஒரு காயையோ பழத்தையோ விட்டுவிட்டு வருகிறார்கள். அந்த ‘கூட’வை விட்டுவிட்டு வரலாம்.